விருத்தாம்பா ஆறாமல் இருந்த வருஷம்

விருத்தாசலத்தில் பீங்கான் சூளையை மூட்டினால் ஒரு நாள் எரியும், இரண்டு நாள் ஆறும், மூன்றாம் நாள் காலையில் கதவைத் திறந்து கை வைத்தால் பொம்மையெல்லாம் கிணற்றடிக் கல் மாதிரி சில்லென்று இருக்கும், இது எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அந்த ஆவணி மாசம், என் தங்கச்சி விருத்தாம்பாவை எரித்த அன்றைக்கே மூட்டிய பொதுச் சூளையின் கதவை மூன்றாம் நாள் திறந்தபோது கொலுவுக்குப் போகவேண்டிய தவில்காரர்களும் நாயனக்காரர்களும் கல்யாணப் பெண்களும் பசுமாடுகளும் ஒழுங்காக ஆறியிருந்தார்கள், அவள் கடைசியாகச் செய்து ஏற்றிய பொம்மை மட்டும் ஆறவில்லை. இஸ்திரிப் பெட்டிச் சூடு. சூளை பார்க்கிற ராசவன்னியன் ஒரு விரலை வைத்து எடுத்து, விரலை வாயில் போட்டுக்கொண்டு, இன்னும் ஒரு நாள் விடுங்கள் என்றார். ஒரு நாள் விட்டார்கள். ஒரு வாரம் விட்டார்கள். பதினாறாம் நாள் கருமாதி முடிந்து தலை முழுகி வந்து பார்த்தாலும் அதே சூடு.

பொம்மை என்றால் சாண் உயரப் பொம்மை இல்லை. நாலு வயசுப் பெண்பிள்ளை எவ்வளவு இருப்பாளோ அவ்வளவு. பாவாடை சட்டை, இரட்டைச் சடை, ஒரு சடையில் ரிப்பன் அவிழ்ந்து தொங்குகிறது. இரண்டு காலையும் அகட்டி முன்னால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள், ஆனால் உட்காரக் கீழே ஒன்றும் இல்லை. இரண்டு கையையும் எதையோ பிடித்தாற்போல் முன்னால் வளைத்திருக்கிறாள், கைக்குள் வெறும் காற்று. குதிரைமேல் போகிற பிள்ளை, குதிரையைச் செய்யுமுன் காய்ச்சல் வந்துவிட்டது என்று சிலர் சொன்னார்கள். குடத்தைக் கட்டிக்கொண்ட பிள்ளை என்றார்கள் சிலர். அவள் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

என் பேர் கொளஞ்சி. ஆறாம் வகுப்போடு சரி. எனக்குப் பத்து வயசும் அவளுக்கு நாலு வயசும் ஆனபோது அம்மா செத்தாள், அந்த வருஷமே சேலம் ரயிலில் ஏறிய அப்பா எங்கேயும் இறங்கவில்லை. சூளைக்காரர்கள் கழித்துப் போட்ட மூக்கு உடைந்த அகலையும் காது போன யானையையும் கூடையில் அள்ளிக்கொண்டு ஜங்ஷனுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடந்து விற்றேன். கூடை இடுப்பில், அவள் என் கழுத்தில். விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் என் நெற்றியைக் கட்டிப் பிடிப்பாள், பிடி வழுக்கி வழுக்கிக் கண்ணுக்கு வந்துவிடும், வழி தெரியாமல் நான் நின்று, "கண்ணை மறைக்காத கழுத" என்று கத்துவேன். உடைந்த அகலை உடையாத விலைக்கு விற்க வேண்டுமானால் வாய் வேண்டும், எனக்கு வாய் அப்படித்தான் வளர்ந்தது. போலீஸ்காரரிடம் பேரம், பஸ் கண்டக்டரிடம் பேரம், எவன் என்னை அடிக்க வந்தாலும் எத்தனை அடி என்று பேரம். கோபம் வந்தால் பேச்சு நிற்காது, பேச்சு நின்றால் கோபம் நிற்காது. அவளுக்கு அந்த வருஷங்களில் வளர்ந்தது கை. ஒன்பது வயசில் உடைந்த யானைக்கு அவளே காது வைத்தாள்.

அப்புறம் அவள் செய்தாள், நான் விற்றேன். அவளுக்குக் கல்யாணம் ஆகி, மாப்பிள்ளை தெய்வசிகாமணி வந்து, வல்லி பிறந்து, வல்லியும் மண் பிசையக் கற்றுக்கொண்ட பிறகும் அவள் செய்தாள், நான் விற்றேன். இது நின்றது ஒரு கொசுறால்.

அவள் சாவதற்கு ஆறு வருஷம் முன்னால், கும்பகோணத்து வியாபாரி ஒருத்தர் கொலுப் பொம்மை எடுக்க வந்தார். அவரும் என்னை மாதிரி ஆள். காலையில் ஆரம்பித்த பேரம் மத்தியானச் சாப்பாட்டைத் தாண்டிப் போனது. கடைசியில் அவர் முறுக்கிக்கொண்டு செருப்பை மாட்டினார். எனக்குத் தோற்க மனசில்லை. கைக்கு எட்டுகிற தூரத்தில் அலமாரியில் நின்ற ஒரு சாண் பொம்மையை எடுத்து, இதையும் கொசுறாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் பெட்டிக்குள் வைக்கோலில் செருகினேன். பேரம் முடிந்தது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்து டீ வாங்கிக் கொடுத்தேன்.

அது ஒரு பையன், கழுத்தில் ஒரு சின்னப் பெண்ணைச் சுமந்துகொண்டு நிற்கிற பொம்மை. அவள் செய்த பொம்மைகளில் விற்பதற்கென்று செய்யாதது அது ஒன்றுதான்.

சாயங்காலம் அலமாரியைப் பார்த்தாள், எங்கே என்று கேட்டாள். சொன்னேன். "யாரைக் கொசுறாக் குடுத்தன்னு பாத்தியா?" என்றாள். நான் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு பொம்மைக்கு இவ்வளவு பேச்சா என்றேன், அதோடும் நிறுத்தாமல், அச்சுதான் இருக்கிறதே இன்னொன்று ஊற்றிக்கொள்ள வேண்டியதுதானே என்றேன். அவள் உள்ளே போய் அந்த பிளாஸ்டர் அச்சை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள், என் காலடியில் போட்டாள், அது சுக்கல் சுக்கலாகப் போனது. இனிமேல் ஊற்ற முடியாது என்று சொல்லிவிட்டுப் போனவள் ஆறு வருஷம் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. நான் ரோட்டு மேல் தனிக்கடை போட்டேன். ஒரே ஊர், ஒரே மார்க்கெட்டு, எதிரே வந்தால் அவள் இந்தப் பக்கம் பார்ப்பாள், நான் அந்தப் பக்கம் பார்ப்பேன்.

அந்த ஆறு வருஷத்தில் நான் யாரோடெல்லாம் சண்டை போட்டேன் என்று சொன்னால் ராத்திரி ஆகிவிடும், ஒன்றை மட்டும் சொல்கிறேன். அவள் செத்த வருஷம் சித்திரையில் இஸ்திரிக்காரர் சந்தானத்தோடு போட்ட சண்டை. என் வெள்ளைச் சட்டை மூன்று நாள் பிந்தி வந்தது, வந்த சட்டையின் கழுத்துப்பட்டியில் உள்பக்கமாகக் காய்ந்த களிமண். சட்டையைத் தேய்க்கக் கொடுத்தேனா, நாற்று நடக் கொடுத்தேனா என்று தெருவே கூடும்படி கேட்டேன். சந்தானம் வாயைத் திறக்கவில்லை. சட்டையை வாங்கி அலசி, மறுபடியும் தேய்த்துக் கொடுத்துவிட்டு, கரியை ஊதப் போய்விட்டார்.

ஆவணியில் அவளுக்குக் காய்ச்சல், நாலே நாள். எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை போன் பண்ணித்தான் தெரியும். "மச்சான், விருத்தா போயிட்டா. பொறந்த வூட்டுக் கோடி எடுத்துக்கிட்டு வாங்க" என்றார். கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுப் புடவை வரவேண்டும், அது அவள்மேல் விழுந்த பிறகுதான் பாடை எழும்பும். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை, பிறந்த வீடு என்றால் நான்தான். துணிக்கடைக்கு ஓடினேன். கரும்பச்சையில் மாம்பழ பார்டர் போட்ட புடவையைக் கையில் எடுத்தேன். கோடிக்குப் பேரம் பேசக் கூடாது, சொன்னதைக் கொடுத்துவிட்டு வரவேண்டும், எனக்குத் தெரியாதா. ஆனால் கடைக்காரன் விலையைச் சொன்னதும் என் வாய் தானாகத் திறந்தது. அவனுக்கு அது கோடிப் புடவை என்று தெரியாது, அவனும் பேசினான், அவன் பேசியதால் நானும் பேசினேன், கண்ணில் தண்ணி வழிய வழியப் பேசினேன், நான் விலை குறைக்க அழுகிறேன் என்று அவன் நினைத்துக்கொண்டான். வெளியே வந்தபோது வானம் கறுத்திருந்தது.

அங்கே எனக்காகப் பார்த்தார்கள், பார்த்தார்கள், மழை இறங்கினால் கட்டை நனைந்துவிடும் என்று யாரோ சொன்னார்கள், தூரத்துப் பங்காளி ஒருத்தன் அவசரத்துக்கு வாங்கிய ஏதோ ஒரு துணியைப் போட்டான், தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது தெருவெல்லாம் பூ. வல்லி வாசலைக் கழுவிக்கொண்டிருந்தாள். என் கையில் இருந்த பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் வாசலைக் கழுவினாள்.

அதனால்தான் சூளையில் பொம்மை ஆறவில்லை என்று ஆள் வந்து சொன்னபோது நான் ஆச்சரியப்படவில்லை. ஊரும் ரொம்ப ஆச்சரியப்படவில்லை, அதற்கு வேறு வேலை இருந்தது. ஈரக் கோணியைச் சுற்றி நாலு பேர் தூக்கி, விருத்தாம்பாவின் ஷெட்டிலேயே செங்கல் அடுக்கி உட்கார வைத்தார்கள். ஐப்பசி பிறந்தது, மழை பிடித்தது. மழை என்றால் எங்கள் தொழிலுக்குப் படுக்கைதான். மண்கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றினால் அச்சு தண்ணியைக் குடித்துப் பொம்மையை இறுக்கித் தரும், குடித்த அச்சு காய்ந்தால்தான் அடுத்த பொம்மை, மழையில் அச்சு காயாது, இரண்டு மாசம் எல்லோரும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்காருவார்கள். பக்கத்து ஷெட்டு ஜெயக்கொடி தன் நாயனக்காரர் அச்சு இரண்டை அந்தச் சூடான பொம்மைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள், திரும்ப வந்து பார்த்தால் அச்சு அப்பளமாகக் காய்ந்திருந்தது. மறுநாள் பத்து அச்சு. அடுத்த வாரம் ஷெட்டு நிறைய அச்சு, பொம்மையைச் சுற்றி ஏழு வரிசை, யாருக்கு எந்த வரிசை, எத்தனை மணிக்குத் திருப்பி வைக்க வேண்டும் என்று சிலேட்டில் எழுதித் தொங்கவிட்டார்கள். அந்த மழையில் எங்கள் ஊரில் மட்டும் வேலை நிற்கவில்லை.

அச்சுக்கு வந்த இடத்தில் மற்றதும் வந்தது. புளிக்காத மாவை ஒரு முழம் தள்ளி வைத்தார்கள், புளித்தது. வடகம் காய்ந்தது, பள்ளிக்கூட யூனிபாரம் காய்ந்தது. பிள்ளை பெற்றவள் ஒருத்தி இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து முதுகைக் காட்டினாள், அப்புறம் பிள்ளை பெற்றவர்கள் எல்லோரும் வந்தார்கள். பீங்கான் விஷயம் படித்த அதிகாரி ஒருத்தர் வந்து மூன்று விதமான கருவியை வைத்துப் பார்த்து, மூன்றிலும் வந்ததை எழுதிக்கொண்டு, அவள் பக்கத்தில் வைத்துச் சூடாக இருந்த டீயைக் குடித்துவிட்டு, மண்ணைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், ஆனால் உடைக்க மனசு வரவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். யாரும் கும்பிடவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். விருத்தாம்பாவை எல்லோருக்கும் தெரியும், தெரிந்தவளை எப்படிக் கும்பிடுவது. "விருத்தாக்கா, கொஞ்சம் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு மாவுப் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போவார்கள்.

எனக்கு மட்டும் அது ஆகவில்லை. ஊருக்கு அவள் அடுப்பு, எனக்கு அவள் ஆறாதவள். என் வீட்டுப் பீரோவில் அந்தப் பச்சைப் புடவை பையோடு கிடந்தது. கார்த்திகையில் ஒரு நாள் அதை எடுத்துக்கொண்டு போய், அச்சு வரிசைகளை எல்லாம் தாண்டி, அவள் மேல் போர்த்தினேன். போர்த்திய கை எடுக்குமுன் தீய்ந்த வாசனை. உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாகச் சுட்டுவிட்டது. இழுத்து எடுத்துவிட்டேன். ஜெயக்கொடி நாயனக்காரருக்கு மூக்குச் சீவிக்கொண்டே, நிமிராமல், "பேரம் பேசி வாங்குன பொடவையாச்சே அண்ணா" என்றாள். அங்கே இருந்தவர்கள் சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார்கள். நான் அவளைத் திட்டியிருக்க வேண்டும். தெம்பில்லை.

அப்புறம் எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். தினமும் மத்தியானம் போய் எதிரே உட்கார்ந்து பேசுவேன். உன் பேரில் கடை வைக்கிறேன் என்றேன். வல்லி கல்யாணத்தை நான் செய்கிறேன் என்றேன். ஆறு வருஷம் நான் பேசாததற்கு நீ ஒரு வருஷம் ஆறாமல் இரு, அப்புறம் சரியாகிக்கொள்வோம் என்று கெடுவும் சொன்னேன். சூடு ஒரு இம்மி இறங்கவில்லை, ஏறவும் இல்லை. கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதிக் கட்டு என்று சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் நியாயம் கிடைக்காதவர்கள் எல்லோரும் அந்தச் சாமியிடம்தான் எழுதிக் கொடுப்பார்கள், என் பேரே அவர் பேர்தான். பேப்பரும் பேனாவுமாகப் போனேன். யார்மேல் பிராது என்று எழுதுகிற இடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வெறும் பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

அப்புறம்தான் கும்பகோணம் போனேன். எதைக் கேட்டாலும் கொடுத்துவிட்டு அந்தக் கொசுறைத் திருப்பி வாங்கிவிட வேண்டும், கடையைக் கேட்டாலும் கடை என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் பஸ் ஏறினேன். வியாபாரிக்கு வயசாகிவிட்டது, அவர் சம்சாரம்தான் பொம்மையை எடுத்து வந்தார், ஆறு வருஷமும் கொலுவில் மேல்படியில் வைத்தார்களாம், ஒரு கீறல் இல்லை. விஷயத்தைச் சொன்னேன். வியாபாரி பொம்மையை வாங்கித் துண்டால் துடைத்து என் கையில் வைத்தார்.

"கொசுறா வந்தது. கொசுறாவே எடுத்துட்டுப் போங்க."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், ஒன்றும் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார். என்னிடம் எவனும் இவ்வளவு கடுமையாகப் பேரம் பேசியதில்லை.

அதைக் கொண்டுவந்து அவள் எதிரே வைத்தபோது அடுத்த ஆவணி பிறந்திருந்தது, அவள் வருஷத் திதிக்கு இரண்டு நாள்தான். இதோ பார், கொண்டு வந்துவிட்டேன் என்றேன். சின்னப் பொம்மை கொஞ்சம் வெதுவெதுப்பாக ஆனது, அவ்வளவுதான். அவள் அப்படியே இருந்தாள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வல்லி அந்த ஒரு வருஷமாக என்னோடு பேசியதில்லை. மண் பிசைந்துகொண்டிருந்தவள் எழுந்து வந்து, சின்னப் பொம்மையைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு கம்பி வளையத்தைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள்.

"அம்மா இந்தக் கம்பியச் சுத்தித்தான் பெரிய பொம்மையக் கட்டுனாங்க. பத்து வயசுப் பையனுக்குக் கழுத்து இவ்ளோ தடியா இருக்குமா மாமா?"

எனக்குப் புரியவில்லை. வளையத்துக்குள் கையை விட்டுப் பார்த்தேன்.

"உங்க வெள்ளைச் சட்டைய சந்தானம் மாமாகிட்ட அம்மாதான் கேட்டு வாங்கியாந்தாங்க. மூணு நாள் அந்தக் கழுத்துப்பட்டிய வெச்சி வெச்சி அளந்தாங்க. சுட்டா எட்டுல ஒரு பங்கு சுருங்கும்னு அதையும் சேத்து வளைச்சாங்க. ஆறட்டும், எங்கண்ணன நானே கூப்புடுறன்னு சொன்னாங்க. சூளை ஏத்துன அன்னிக்குத்தான் காய்ச்ச வந்துச்சி."

நான் எழுந்து பொம்மைக்குப் பின்பக்கம் போனேன். ஒரு வருஷமாக எதிரே உட்கார்ந்து எதிரே உட்கார்ந்துதான் பேசியிருக்கிறேன், பின்பக்கம் போனதே இல்லை. அகட்டிய காலுக்கு நடுவே இருந்த இடம், வளைந்த கைக்குள் இருந்த இடம், பையனுடையது இல்லை. ஐம்பது வயசு ஆளுடைய தடித்த கழுத்து. கை வளைவு பெரிய தலைக்கு. நான் அந்தப் பத்து வயசுப் பையனைத் தேடிக் கும்பகோணம் வரைக்கும் போனேன், அவள் இப்போதைய என்னைத்தான் அளந்து வைத்திருக்கிறாள்.

திதி அன்று காலையில் குளித்துவிட்டு அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, புடவைப் பையையும் தூக்கிக்கொண்டு போனேன். விஷயம் பரவியிருந்தது, ஷெட்டு வாசலில் எல்லோரும் நின்றார்கள். இரண்டு மாசத்தில் மழை, அவளைத் தூக்கிக்கொண்டு போனால் அச்சு எப்படிக் காயும், அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருந்தது. ஜெயக்கொடிதான் முன்னால் வந்தாள்.

"கார்த்திக முடியட்டும் அண்ணா. அப்புறம் நாங்களே தூக்கி வெக்கிறோம்."

"பேரம் பேச வரலை ஜெயக்கொடி."

 அவள் குனிந்து, தன் அச்சு வரிசையை ஓரமாக நகர்த்தினாள். மற்றவர்களும் நகர்த்தினார்கள், எனக்கு வழி கிடைத்தது.

பொம்மைக்கு முன்னால் முதுகைக் காட்டிக் குந்தினேன். கிட்டே போனதுமே பிடரி மயிர் பொசுங்குகிற மாதிரி அடித்தது. "வெறுங் கழுத்துல தூக்காதீங்க மாமா" என்று வல்லி சொன்னாள், சுற்றிப் பார்த்தாள், என் பையை எடுத்தாள், அதற்குள் கிடந்த பச்சைப் புடவையை உருவி முறுக்கிச் சும்மாடு மாதிரி சுருட்டி என் கழுத்தில் போட்டாள். அவளும் யோசித்துச் செய்யவில்லை, கைக்குக் கிடைத்த துணி அது. காலுக்கு நடுவே தலையை நுழைத்து, இரண்டு கணுக்காலையும் பிடித்து எழுந்தேன். உள்ளங்கை இரண்டும் வெந்தது. விடவில்லை. கனம் எனக்குத் தெரிந்த கனம்.

ஷெட்டைத் தாண்டி, சூளையைத் தாண்டி, ரோட்டில் ஏறினேன். கால் தானாகப் பழைய தடத்தில் போனது, ஜங்ஷன், அப்புறம் பஸ் ஸ்டாண்டு. ராசவன்னியனும் மாப்பிள்ளையும் வல்லியும் அத்தனை பேரும் பின்னால் வந்தார்கள். ஜங்ஷன் வாசலில் சந்தானம் இஸ்திரி வண்டியை நிறுத்திவிட்டுத் தள்ளி நின்றார். தப்பாகப் பேசிவிட்டேன் சந்தானம் என்றேன், போங்க போங்க, பாத்துப் போங்க என்றார். அங்கே உள்ளங்கை எரிச்சல் கொஞ்சம் மட்டுப்பட்டிருந்தது. பஸ் ஸ்டாண்டு வந்தபோது கழுத்தில் இருந்தது இஸ்திரிச் சூடு இல்லை, காய்ச்சல்காரப் பிள்ளையின் சூடு. என் வாய் திறந்து, முப்பது வருஷமாகக் கூவாததைக் கூவியது, அகல் வாங்கலையோ, பொம்மை வாங்கலையோ என்று. சிதம்பரம் பஸ் ஜன்னலில் இருந்து வெளியூர் அம்மா ஒருத்தர் எட்டிப் பார்த்து, இந்தப் பொம்மை என்ன விலை என்று கேட்டார்.

"விக்கிறதில்லைங்க" என்றேன். நல்லா இருந்தது சொல்வதற்கு.

மணிமுத்தாற்றில் தண்ணி இல்லை, மணல்தான், அவளுக்குக் கருமாதி செய்த இடத்துக்கு நேராக நடந்தேன். அவள் கைகள் என் நெற்றிக்கு மேலே, புருவத்தைத் தொடாமல் நின்றன. கண்ணை மறைக்கவில்லை. அதையும் அளந்திருக்கிறாள் கழுத. மணலில் குந்தி, மெதுவாகத் தலையை உருவிக்கொண்டு அவளை இறக்கி வைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தேன். கிணற்றடிக் கல் மாதிரி சில்லென்று இருந்தாள். கழுத்துப் புடவையைப் பிரித்தோம். பழைய சூட்டுத் தழும்பு ஒன்றைத் தவிர வேறு ஒரு பொட்டுத் தீய்ச்சல் இல்லை. அதை அவள் மேல் போர்த்தினேன், நழுவாமல் நின்றது. மாப்பிள்ளை, சரி மச்சான், எழும்புங்க என்றார். பாடை எழும்பும்போது சொல்கிற மாதிரி சொன்னார்.

இப்போது அவள் என் கடையில் உட்கார்ந்திருக்கிறாள். கேட்கிறவர்களுக்கு அதே பதில்தான். எனக்கு உள்ளங்கையில் ரேகை போய்விட்டது, அதனால் ஒன்றும் குறையவில்லை.

சூடு எங்கே போனது என்று யாரும் ரொம்ப நாள் தேட வேண்டியிருக்கவில்லை. அடுத்த வாரம் சவரம் செய்ய வந்தவர் என் பிடரியில் கை வைத்துவிட்டு எடுத்து, விரலை வாயில் போட்டுக்கொண்டார். சட்டைக் கழுத்துப்பட்டி எல்லாம் பழுப்பேறிப் போகிறது, சந்தானம் புகார் சொல்வதில்லை. ஐப்பசி முதல் மழை விழுந்த அன்றைக்கு ஜெயக்கொடி ஆள் விடவில்லை, அவளே வந்து, ஷெட்டில் நடுவாக ஒரு நாற்காலி போட்டிருப்பதாகச் சொன்னாள். போய் உட்கார்ந்தேன். என்னைச் சுற்றி ஏழு வரிசை அச்சு, தவில்காரர்கள், நாயனக்காரர்கள், பசுமாடுகள். யாருக்கு எந்த வரிசை என்று சிலேட்டில் எழுதியிருக்கிறது. காய்கிறவரைக்கும் எழுந்திருக்கக் கூடாது, அசைந்தால் திட்டுகிறார்கள், பேசினால் அச்சில் எச்சில் தெறிக்கிறது என்கிறார்கள். பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன். மாவுப் பாத்திரத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள், கால் நீட்ட வேண்டும்.